பித்தளையா, கேட்ரிட்ஜா: சுங்கை சிப்புட்டில் 500 வெள்ளியை எதில் போடுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் பழைய பொருள் வாங்கி விற்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. லயத்து வீடுகளிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வெளியேறும் பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தையல் இயந்திரம், சைக்கிள் போன்ற வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கலாம். அல்லது 1980கள் முதல் 2000களின் முற்பகுதி வரை வந்த வீடியோ கேம் பெட்டிகளையும், அவற்றில் செருகி ஆடும் கேட்ரிட்ஜுகளையும் வட்டுகளையும் தேடிப் பிடித்து விற்கலாம். வார இறுதிகளில் இரண்டையும் செய்து வருபவன் என்ற முறையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என்னிடம் விவரம் கேட்க வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைப் பற்றியே கேட்கிறார்கள். இணையத்தில் யாரோ ஒருவர் ஒரு கேட்ரிட்ஜுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) விலை போட்டிருப்பதைக் கண்டு ஆர்வம் கொண்டு வருகிறார்கள். விலை போடுவது வேறு, அந்த விலைக்கு விற்பது வேறு என்பதை அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. இபேயில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. சந்தை விலையை அறிய அந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளும் முதலில் பிரிவது சரக்கு கிடைக்கும் இடத்தில்தான். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது, பெரிய அண்டாவும் மரப் பெட்டியும் புதிய சமையலறையில் இடமில்லாமல் பின்கட்டுக்குப் போயின. தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் வாரங்களில் அவை வெளியே எடுக்கப்படுகின்றன. ஒரே பட்டணத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நாலு பேருக்கு அறிமுகமானவரைத்தான் இந்தச் சாமான்களைப் பார்க்க வீட்டுக்குள் அழைப்பார்கள். கோலாலம்பூர் வியாபாரிக்கு இந்த நுழைவு எளிதில் கிடைக்காது.

விளையாட்டுச் சரக்கின் நிலை வேறு. இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் நிண்டெண்டோவின் அசல் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் இடத்தில் நம் வீடுகளுக்கு வந்தது தைவானில் தயாரான மைக்ரோ ஜீனியஸ். அதனுடன் வந்த கேட்ரிட்ஜுகளில் பெரும்பாலானவை ஒரே அட்டையில் பல விளையாட்டுகளைத் திணித்த திருட்டுப் பிரதிகள். பிறகு வந்த பிளேஸ்டேஷனுக்கும் திருட்டு வட்டு ஓடுவதற்கான சிப் பொருத்தி, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய வட்டுகளைப் போட்டு ஆடினோம். ஆகவே ஒரு தோட்டப்புற வீட்டின் அலமாரியிலிருந்து அசல் விளையாட்டு கிடைக்கும் வாய்ப்பு குறைவு. கிடைப்பதில் பெரும்பகுதி விற்கக் கூடாத சரக்கு. இருபத்தைந்து ஆண்டு பழையது என்பதால் திருட்டுப் பிரதி அசலாகிவிடாது, 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். மைக்ரோ ஜீனியஸ் பெட்டி அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் விரும்பி வாங்குவோர் உண்டு. நான் பெட்டியை மட்டும் விற்பேன், கேட்ரிட்ஜுகளைச் சேர்க்க மாட்டேன்.

அசலை அடையாளம் காணும் திறமையே விளையாட்டு வியாபாரத்தின் உயிர் என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் பிளேஸ்டேஷனின் அசல் வட்டு அடிப்புறத்தில் கறுப்பாக இருக்கும். வெள்ளி நிறமாக இருந்தால் தயங்காமல் விலக்கலாம். ஆனால் கறுப்பு வட்டிலும் போலி அச்சடித்தார்கள் என்பதால், நடுவளையத்தில் பொறித்த எழுத்துகளையும் மேற்பரப்பின் அச்சுத் தரத்தையும் பார்க்க வேண்டும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-இல் இந்த அடையாளம் உதவாது, ஏனெனில் அதன் அசல் டிவிடிகளே வெள்ளி நிறம்தான். சிடியில் வந்த அசல் விளையாட்டுகள் மட்டும் அடிப்புறம் நீலமாக இருக்கும்.

அதிகப் போலிகள் உலவுவது கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜுகளில், அதிலும் போக்கேமோன் வரிசையில். அசலின் ஒட்டுச்சீட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அழுத்திப் பதித்த சிறு எண் தெரியும். இணைப்புப் பற்களுக்குச் சற்று மேலே மின்தகட்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். திருகாணியின் தலை மூன்று கைகள் கொண்டதாக இருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் சரியாக இருப்பது போதாது, மூன்றும் பொருந்த வேண்டும். உள்ளிருக்கும் மின்கலத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். போக்கேமோன் ரெட், புளூ, கோல்டு, சில்வர் ஆகியவற்றில் மின்கலம் தீர்ந்தால் ஆடிய ஆட்டம் சேமிக்கப்படாது. ஆனால் ரூபி, சபையர், எமரால்டு மூன்றிலும் மின்கலம் கடிகாரத்துக்கு மட்டுமே. அது தீர்ந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தாலும் சேமிப்பு பாதிக்கப்படாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கேட்ரிட்ஜைப் பழுது என்று எண்ணி மலிவாகக் கொடுத்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே அறியாமையால் பழுதானதை நல்ல விலைக்கு நானே வாங்கியும் இருக்கிறேன்.

பெட்டிகளுக்கு வந்தால், ஜப்பானிலிருந்து வந்தவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஒரு சூப்பர் ஃபேமிகாமின் அடாப்டரை நம் 240 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் அது அங்கேயே கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கையில் வைத்திருக்காமல் சோதித்துப் பார்க்கவே முடியாது. நம் ஊர் ஈரக்காற்றும் பெரிய பகை: வட்டுகளில் பூஞ்சை படரும், கையேட்டுத் தாள்களில் பழுப்புப் புள்ளிகள் விழும், பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த சாதாரண மின்கலம் கசிந்து உலோகத் தகடுகளை அரித்திருக்கும். அரிப்பு லேசாக இருந்தால் வினிகரால் துடைத்து எடுக்கலாம். கேட்ரிட்ஜின் பற்களைப் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். சிறுவயதில் நாம் எல்லாரும் செய்ததுபோல வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படிந்து துருவைத்தான் வளர்க்கும்.

இவ்வளவு கருவிகளையும் நுணுக்கங்களையும் கேட்கும் சரக்குக்கு எதிரே பித்தளையை வைத்துப் பாருங்கள். அதைச் சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால், எடையையும் தட்டினால் எழும் ஓசையையும் வைத்து மேற்கொண்டு முடிவு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பித்தளைக்கு ஓர் அடிவிலை இருக்கிறது. யாருமே வாங்காமல் போனாலும் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கொடுத்துவிடலாம், போட்ட காசில் ஒரு பகுதியாவது திரும்பும். போலி கேட்ரிட்ஜுக்கு அந்த அடிவிலையும் கிடையாது.

ஆனாலும் பித்தளையில் புதியவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாங்கி வந்த அன்றே புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிவிடுவார். பொங்கலுக்கோ திருமணச் சீருக்கோ வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் பளபளப்பு வேண்டும். பழமைக்காக வாங்கும் சேகரிப்பாளரும், கடையை அலங்கரிக்க வாங்கும் காப்பிக்கடைக்காரரும் காலம் ஏற்றிய கருநிறத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். துலக்கிவிட்டால் காலம் ஏற்றிய அந்த நிறத்தை உடனே திரும்பக் கொண்டுவர முடியாது. வாங்குபவர் யார் என்று தெரியும்வரை தூசியை மட்டும் துடைத்து வைப்பதே நல்லது.

வீட்டுச் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய ராலே சைக்கிள். கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) ஓட்டிய காலத்து வண்டிகள் இன்னும் சில கொட்டகைகளில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றின் வயதைக் கணிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: பின் சக்கர அச்சில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் கியர் இருந்தால், அதன் உருளையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும், 62 என்றிருந்தால் 1962. பின்னாளில் கியரை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் வண்டியின் மற்ற பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிங்கர் தையல் இயந்திரத்திலும் தொடர் எண்ணை வைத்து எந்தத் தொழிற்சாலையில், எந்தக் காலத்தில் தயாரானது என்று கண்டுகொள்ளலாம். ஆனால் சிங்கரின் எடை அதிகம், ஏராளமாகச் செய்யப்பட்டதால் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இரும்புக் கால்களோடு கூடிய மேசைக்குத்தான் இப்போது கேட்பு. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளை யாராவது பெரிய சொத்தாக நினைத்துக் கொண்டு வருவார்கள். அவை மிகுதியாக அச்சிடப்பட்டவை, அவற்றில் லாபம் தேட வேண்டாம். ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளி, பால் வடியும் மங்கு போன்ற தோட்டத்துக் கருவிகளுக்குச் சந்தை சிறியதுதான், ஆனாலும் அவை குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் வராமல் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். இவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் போடும் எண்கள். 500 வெள்ளிக்குப் பத்துப் பித்தளைச் சாமான்களைத் தலா 50 வெள்ளியில் வாங்கி, தலா 75 வெள்ளிக்கு விற்று, பெட்ரோலுக்கும் கடை போடுவதற்கும் 60 வெள்ளி கழித்தால், 190 வெள்ளி நிற்கும். அதே 500 வெள்ளிக்குப் பத்து கேட்ரிட்ஜுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் 110 வெள்ளிக்கு விற்று, கட்டணமும் பொட்டலச் செலவுமாகத் தலா 10 வெள்ளி கழிவதாக வைத்துக்கொள்வோம். மூன்று போலியாகிப் போனால் 700 வெள்ளி வரும், லாபம் 200. நான்கு போலியானால் லாபம் 100-ஆக இறங்கும், இரண்டு மட்டுமே போலியானால் 300-ஆக ஏறும். அதாவது விளையாட்டுச் சரக்கில் ஒவ்வொரு தவறான கணிப்பும் 100 வெள்ளியைத் தின்கிறது. அங்கே கிடைக்கும் கூடுதல் லாபம் அறிவுக்குக் கிடைக்கும் கூலி. அந்த அறிவு இல்லாமல் இறங்குபவர் தன் முதலைப் பணயம் வைக்கிறார்.

உள்ளூரில் அசல் கிடைக்காவிட்டால் ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வரவழைக்கலாம், ஆனால் அனுப்பும் செலவோடு, 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் சேர்கிறது. அதைவிட முக்கியமானது, அந்த வழியில் நாம் நாடு முழுவதும் உள்ள வியாபாரிகளோடு ஒரே வரிசையில் நிற்கிறோம் என்பது. சுங்கை சிப்புட்டில் இருப்பதால் நமக்குக் கிடைத்த ஒரே அனுகூலத்தை, அதாவது வீட்டுக்குள் அழைக்கப்படும் உரிமையை, அங்கே பயன்படுத்தவே முடியாது.

விற்கும் இடமும் சரக்கைப் பொறுத்தே அமைகிறது. கனமானதும் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டியதுமான பொருளுக்கு நேரடிச் சந்தைதான் சரி. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈப்போவின் ஞாயிறு காலைப் பழம்பொருள் சந்தை நமக்குப் பக்கம். பினாங்கின் லோரோங் கூலிட்டும், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையும் நல்ல பொருள் சேர்ந்த பிறகு போக வேண்டிய இடங்கள். கேட்ரிட்ஜோ உள்ளங்கையில் அடங்கும், தபாலில் போகும். அதை வாங்குபவர் கூச்சிங்கில் இருந்தாலும் கவலையில்லை. அதற்குக் கரோசல், முகநூல் மார்க்கெட்பிளேஸ், ஷோப்பி ஆகிய இணையச் சந்தைகளே களம். இவற்றில் கரோசலை நான் விரும்புகிறேன், ஏனெனில் அங்கே பழைய பொருள் தேடியே வருகிறார்கள், விலை பேசவும் தயங்குவதில்லை. ஷோப்பியில் கட்டணத்தையும் திருப்பி அனுப்பும் விதிகளையும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். படத்தில் மின்தகட்டையும் ஒட்டுச்சீட்டு எண்ணையும் திரையில் ஓடும் ஆட்டத்தையும் காட்டிவிட்டால் பாதிச் சச்சரவு எழாது. குழாய்த் தொலைக்காட்சி மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: திரையை நோக்கிச் சுடும் பழைய துப்பாக்கி விளையாட்டுகள் அதில்தான் வேலை செய்யும் என்பதால் கேட்பு இருக்கிறது, ஆனால் தபாலில் அனுப்ப முடியாது.

சட்டப் பக்கம் சுருக்கமானது. தொடர்ந்து வியாபாரம் செய்தால் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60 வெள்ளி. பழைய பொருள் வியாபாரிகளுக்கென்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருப்பதால், வளர்ந்துவரும்போது உரிமம் பற்றிக் காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம். கோயில் மணி, கோயில் விளக்கு என்று யாராவது கொண்டு வந்தால், அந்தக் கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல் தொடவே கூடாது. திருட்டுப் பொருளை வாங்குவது குற்றம் என்பதோடு, அது நம் சனங்கள் காசு சேர்த்து வாங்கி வைத்த பொருள்.

ஆகவே முதன்முதலாக இறங்குபவருக்கு நான் சொல்வது: 500 வெள்ளியில் 400-ஐ வீட்டுச் சாமான்களில் போடுங்கள். மீதி 100-இல் பாதியைக் கருவிகளுக்கும், மறுபாதியை நீங்களே போட்டுப் பார்த்து உறுதி செய்த ஓரிரண்டு கேட்ரிட்ஜுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மின்தகட்டில் ஈயம் வைத்துப் பற்ற வைக்கத் தெரிந்து, சிறுவயது முதல் இந்த விளையாட்டுகளோடு பழகியவராக இருந்தால் இந்தப் பங்கைத் தலைகீழாக்கலாம். அத்தகைய ஒரு தம்பி இங்கே இருக்கிறார், பழுதான கேம் பாய்களை மட்டுமே வாங்கி, திரையில் மறைந்துபோன கோடுகளைச் சூடு காட்டி மீட்டு விற்கிறார், என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்.

சென்ற தீபாவளிக்கு முன் ஒரு பாட்டி வீட்டில் குடம் பார்க்கப் போனபோது, பேரனுடையது என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு கேட்ரிட்ஜுகள் இருந்தன, அவற்றில் ஓர் எமரால்டு அசல். “எல்லாத்துக்கும் சேத்து பத்து வெள்ளி குடுப்பா” என்றார். அந்த ஒன்று மட்டுமே அதைவிடப் பல மடங்கு பெறும் என்று சொல்லி, பேரனைக் கேட்ட பிறகு விற்கும்படி டின்னை மூடிக் கொடுத்துவிட்டு, குடத்தை மட்டும் எடைக்கு மேல் விலை போட்டு வாங்கி வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பேரனே புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்து விலை பேசினார். இப்போது அந்த வரிசையில் இன்னும் மூன்று வீடுகளிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை காந்தத்தையும் திருகாணி முடுக்கியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.