கடைக் கணினி சான்றாகும்போது: மூன்று இலவச மென்பொருள்களின் நீண்டகாலப் பாவனை

பங்காளிகள் பிரிந்த கடையின் கணக்குக் கணினி, காணி உறுதியின் வரைவு கிடக்கும் பழைய பென்டிரைவ், வெள்ளத்தில் நனைந்த ஹார்ட் டிஸ்க். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சிவில் வழக்குக்குச் சான்று தேடும்போது மேசைக்கு வருவன இப்படியானவைதான். டிஸ்க்கைப் பிரதி எடுக்க எஃப்டிகே இமேஜர், டிடிரெஸ்கியூ, எடுத்த பிரதியில் தேட ஆட்டோப்சி ஆகிய மூன்றும் இந்த வேலைக்குப் போதும். பிரதி எடுக்கும் முதல் இரண்டிலும் பெரிய குறையில்லை. தமிழ் ஆவணம் தேடும் இடத்தில் ஆட்டோப்சி கைவிடும். அதற்கு வழி உண்டு.

நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு எஃப்டிகே இமேஜர். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளொக்கர் வழியாக மட்டுமே டிஸ்க்கைப் பொருத்த வேண்டும். நேரே செருகினால் யாரும் எதையும் திறக்காமலேயே விண்டோஸ் அதில் எழுதத் தொடங்கிவிடும். மென்பொருளில் வைக்க வேண்டியவை: ஈ01 என்ற சான்றுப் பிரதி வடிவம், சுருக்கம் 6, துண்டு அளவு 1500 எம்பி, முடிந்ததும் சரிபார்ப்பு. துண்டு அளவை 0 ஆக்கினால் முழுப் பிரதியும் ஒரே கோப்பாகும். சேமிக்கும் டிஸ்க் ஃபாட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்தால் 4 ஜிபியில் நின்றுவிடும். 1 டிபி டிஸ்க், யூஎஸ்பி 3இல் நொடிக்கு 110 எம்பி வேகத்தில் சுமார் இரண்டரை மணி நேரம் எடுக்கும். யூஎஸ்பி 2 என்றால் எட்டு மணிக்கு மேல். சரிபார்ப்பு நேரம் வேறு. முடிவில் கிடைக்கும் உரைக் கோப்பில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிரதியின் கைரேகை போன்ற எம்டி5, ஷா-1 மதிப்புகள் எல்லாம் இருக்கும். அதை அன்றைக்கே அச்செடுத்துக் கையொப்பமிட்டு வைப்பது நல்லது.

இதன் ஒரே குறை, இடையில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாரி காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. டிடிரெஸ்கியூ அப்படியல்ல. எங்கே நின்றது என்பதை மேப் கோப்பில் குறித்து வைத்து அங்கிருந்தே தொடரும். உப்புக்காற்றில் துருவேறிய, கீச்சிடும் டிஸ்க்குகளுக்கு இதுதான் சரி. முதல் ஓட்டத்தில் கெட்ட பகுதிகளைச் சுரண்டாமல் தாண்டிப்போய் நல்லதை எல்லாம் அள்ள வேண்டும். இரண்டாவதில் மூன்று முறை மட்டும் மீள்முயற்சி. எடுத்த எடுப்பிலேயே கெட்ட பகுதியோடு மல்லுக்கட்டினால், மிச்சத்தைப் படிப்பதற்குள் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் போய்விடும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவும் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது, அரிசிக்குள் புதைக்கவும் கூடாது. ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் கட்டி, டிஸ்க்கைத் திறக்கத் தூசியற்ற சுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் அழித்த கோப்பு திரும்பும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அழித்த கோப்பின் இடத்தைத் துடைக்க வைக்கும் டிரிம் கட்டளை இயங்கியிருந்தால் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

இனி ஆட்டோப்சி. 8 ஜிபி ராமில் திறக்கும், ஆனால் தவழும், 16 தேவை. தேவையில்லாத ஆய்வு மொட்யூல்களை நிறுத்திவிட்டே தொடங்குங்கள். யூனிகோட்டில் 'காணி' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால், அந்தச் சொல் டிஸ்க்கில் இல்லை என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. இங்கே தட்டச்சு நிலையங்களிலும் அலுவலகங்களிலும் அடித்த பழைய ஆவணங்களில் பல யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளவை. அதில் 'காணி' என்பது எஃப், எச், இசட், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவே கோப்பில் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவம் தேடற்பட்டியலில் வேண்டும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி; அது சொல்லை உடைக்கக்கூடும் என்பதால் புள்ளி வராத சொல்லையோ சொல்லின் துண்டையோ தேர்வது பாதுகாப்பு. இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. தேடல் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், தேவையற்றவை குவியும். வந்ததை ஒவ்வொன்றாகப் பாமினியில் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீதிமன்றத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துருவை உட்பதித்த பிடிஎஃப் ஆக்காவிட்டால் அங்கே வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

நேர வலயத்தைத் தொடக்கத்திலேயே கொழும்பு என்று வையுங்கள். விண்டோஸ் டிஸ்க்குகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை கோப்பின் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதியும். ஃபாட் பென்டிரைவ் கணினி காட்டிய உள்ளூர் நேரத்தை அப்படியே பதியும். 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 6 மணி முன்னே இருந்தது, பிறகே ஐந்தரை. 2005இல் எழுதிய கடிதத்தில் அரை மணி நேரம் இடித்தால் உடனே மோசடி என்று பாயக் கூடாது.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி கணினிச் சான்றைச் சமர்ப்பிப்பதானால் விளக்கத் (வழக்கு விசாரணை) தவணைக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது கிடைத்து 15 நாட்களுக்குள் அவர்கள் பார்வையிடக் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணி முடிவுசெய்யட்டும். எதுவானாலும் இரண்டாவது பிரதி ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அதைக் கையளிக்கும் பற்றுச்சீட்டில் டிஸ்க்கின் தொடர் இலக்கத்தோடு ஷா-1 மதிப்பின் 40 எழுத்துகளையும் முழுமையாக அச்சிட்டு, வாங்குபவரின் கையொப்பத்தை அதன் கீழேயே பெறுங்கள்.