ரூ.1,85,000 போச்சு: சோலாருக்கு பேட்டரி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிகிறது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே கொட்டிவிடுகிறேன். ரூ.1,85,000. சீட்டு எடுத்த பணம். வீடு தேடி வந்து சோலார் வேலை செய்து தருவதாக விளம்பரம் போடுகிற ஒரு கம்பெனி வாயில் போட்டுக்கொண்டது.

நாங்கள் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகரில். மாடியில் 3 கிலோவாட் பேனல் ஏற்கெனவே இருக்கிறது. மாடி சோலாருக்கு மத்திய அரசு தருகிற பிஎம் சூர்ய கர் மானியம் ரூ.78,000 வந்தது, நாம் லைனுக்குக் கொடுக்கிற கரண்ட்டைக் கணக்கெடுத்து பில்லில் கழிக்கிற நெட் மீட்டரும் ஒழுங்காக ஓடுகிறது. கரண்ட் போனால் மட்டும் பேனலும் கூடவே படுத்துவிடும். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது கிரிட் என்கிற பொது மின் லைனோடு சேர்ந்தே ஓடுகிறது, அப்படித்தான். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று தானாக நின்றுவிடும். அதற்காகத்தான் பேட்டரி விசாரித்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த பையன் நல்ல தமிழில் பேசினான். "அண்ணா, எனக்கு ஆம்பூர் பக்கம்" என்றான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவனே கொண்டுபோய் சிங்க்கில் வைத்தான். அந்தப் பணிவிலேயே அம்மா மனசு விழுந்துவிட்டது. அப்புறம் போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினான்: நெதர்லாந்தில் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட்டை பில்லில் கழித்துக்கொள்கிற வசதி 2027 ஜனவரி 1-ல் நிற்கிறது. ஜெர்மனியில் 2000-ல் சேர்ந்தவர்களுக்கு, கிரிட்டுக்கு விற்கிற கரண்ட்டுக்கான 20 வருட உறுதி விலை 2020 கடைசியோடு முடிந்துவிட்டது. "இங்கேயும் அதேதான் வரப்போகுது அண்ணா. உங்க கரண்ட்டை நீங்களே சேர்த்து வெச்சுக்குங்க. பேட்டரிக்கும் தனியா மானியம் இருக்கு, நானே அப்ளை பண்ணித் தர்றேன்."

செய்தி இரண்டும் உண்மை. நெதர்லாந்துக்கும் ராமமூர்த்தி நகருக்கும் என்ன சம்பந்தம்? நம் நெட் மீட்டர் எத்தனை வருடத்துக்கு என்பது நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மானியக் கதையும் சுத்தப் பொய். அந்த ரூ.78,000 பேனலின் கிலோவாட்டைப் பார்த்துத் தருவது, பேட்டரிக்கு அதில் தனியாக ஒன்றும் கிடையாது.

51.2 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, கூடவே பேனல், பேட்டரி, கிரிட் மூன்றோடும் ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர், மொத்தம் ரூ.1,85,000. கணக்குப்படி 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் தேங்க வேண்டும். 500 வாட் லோடுக்கு ஒன்பது மணி நேரமாவது தாங்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது.

போன் செய்தால் முதலில் "மழைக்காலம் அண்ணா, வெயில் இல்லை." அப்புறம் "உங்க லோடு ஜாஸ்தி." அப்புறம் "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும், டெக்னீசியன் ஊருக்குப் போயிருக்கார்." பிறகு நீல டிக் மட்டும்தான். நேரில் போனால் ரிசப்ஷனில் இருக்கும் பெண், பேய் வராமலிருக்க அந்தக் காலத்தில் இந்த ஊர்க் கதவுகளில் கன்னடத்தில் 'நாளே பா' (நாளைக்கு வா) என்று எழுதி வைத்தார்களே, அது மாதிரி என்னைப் பார்த்ததுமே "நாளே பன்னி சார்" (நாளைக்கு வாங்க சார்) என்கிறாள். அண்ணா எப்போது சார் ஆனேன் என்று தெரியவில்லை!

எஸ்.பி. ரோட்டில் பேட்டரி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து திறந்து பார்த்தோம். உள்ளே 16 செல். மேலே பளபளவென்று புது நீல உறை. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் க்யூஆர் கோடு இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். முனைகளில் பழைய வெல்டிங்கைத் தேய்த்த தழும்பு விரலில் நெரடியது. "ஏதோ வண்டியில ஓடிக் கழிச்சதுங்க இது" என்றார். இதைச் சொன்னதும் கம்பெனிக்காரர்கள், "சீலை உடைச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்கிறார்கள். வாரண்டியாம்! அவர்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்தால் வெறும் கொட்டேஷன். ஜிஎஸ்டி பில்லே தரவில்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வராமல் முழுப் பணம் தராதீர்கள். பேட்டரியை முழுசாக ஏற்றி, லோடு போட்டு, காலியாகும் வரை அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். நெட் மீட்டர் இருந்து, கரண்ட்டும் அதிகம் போகாத ஏரியா என்றால் பேட்டரியே வேண்டாம். தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே கும்பல் ஹொரமாவு, கே.ஆர். புரம் பக்கமும் சுற்றுவதாகக் கேள்வி. உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், சேர்ந்தே மனு போடலாம்.