டொக்டர் வெளிநாடு போய்விட்டார், வழக்குக்கான காலம் நிற்காமல் ஓடுகிறது

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பெரியாஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டிவரும் என்று நாங்கள்தான் அவசரப்பட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்வித்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஐந்தாம் நாள் கண் மஞ்சள், வயிறு உப்பல், காய்ச்சல். போன் எடுத்தால், "வாயுவா இருக்கும், கஞ்சி குடுங்கோ" என்றார் டொக்டர். நேரில் கூட்டிக்கொண்டு போனோம். வயிற்றில் கைகூட வைக்காமல் வாயுக்குளிசை எழுதித் தந்தார். பத்தாம் நாள் கொழும்புக்குக் கொண்டு ஓடினோம். பித்தக்குழாய் காயப்பட்டு வயிற்றுக்குள் பித்தம் கசிகிறது என்றார்கள். இரண்டாவது ஒபரேஷன், கொழும்பில் ஆறு கிழமை அறை வாடகை, அக்காவின் காப்பு இரண்டும் அடைவில்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஒபரேஷனில் குழாய் காயப்படுவது தெரிந்த ஆபத்துத்தான். கைதேர்ந்தவருக்கும் நடக்கும். மஞ்சட்கண்ணோடு வந்து நின்ற மனுசிக்கு ஒரு இரத்தப் பரிசோதனை எழுதாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வந்து கேட்கப் போனபோது டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார். "அவர் எங்கட ஸ்டாஃப் இல்லை, வந்து செய்திட்டுப் போறவர்" என்றார் முகாமையாளர். காசு கட்டிய ரசீதில் இருப்பது ஆஸ்பத்திரியின் பெயர். ஆனாலும் மனிதர் நல்லமாதிரித்தான் கதைத்தார், தேத்தண்ணியும் தந்தார். "எழுதித் தாங்கோ, விசாரிக்கிறம்." எழுதிக் கொடுத்தோம். பிறகு, "கொமிட்டி இன்னும் கூடேல்லை." பிறகு, "டொக்டருக்கு மெயில் போட்டிருக்கு." இப்படியே பதின்மூன்று மாதம் போய்விட்டது.

அப்புறம்தான் சட்டத்தரணியிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ஒபரேஷன் நடந்த திகதியை. இப்படியான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டுமாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி "விசாரிக்கிற" மாதங்களும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான் கழிகின்றன.

அடுத்து அவர் கேட்டது ஒபரேஷன் குறிப்பு. எங்களிடம் இருந்தது வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட் ஒரு பக்கம் மட்டும். குழந்தை மருத்துவரான பேராசிரியர் பிரியானி சொய்சா மேல், இறந்துபோன ஒரு பிள்ளையின் தகப்பன் போட்ட வழக்கைச் சொல்லி விளங்கப்படுத்தினார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன வழக்கு அது. 2001இல் உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. எங்களுக்கும் அதே சிக்கல்தான்: பிழை நடந்தது என்பது போதாது, அந்தப் பிழையால்தான் இவ்வளவும் வந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அந்தக் காகிதமோ ஆஸ்பத்திரி அலுமாரியில். வீட்டுக்கு வருகிற அன்றே பிரதி கேட்டிருக்க வேண்டும். அப்போது சிரித்த முகமாக இருந்தார்கள்.

இலங்கை மருத்துவ சபைக்கும் பிந்தித்தான் முறையிட்டோம். வெளிநாட்டில் டொக்டராகப் பதிவதற்கு, அவர் ஒழுங்கானவர் என்று இங்கத்தைய சபை தருகிற நன்னிலைச் சான்றிதழைக் கேட்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிரிஸ்பேனில் இருக்கும் அண்ணா, ஜயந்த் பட்டேல் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் 2000இல் ஒரேகன் மாநிலம் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கட்டுப்பாடு விதித்தது; 2001இல் நியூயோர்க் உரிமத்தையும் கையளித்தார். 2003இல் அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் பண்டபேர்க் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பழைய தண்டனை பற்றிய விபரத்தை அங்கே பதிவு செய்தவர்கள் கவனிக்கவில்லை. அவர் விஷயத்தில் எழுத்திலாவது ஏதோ இருந்தது. எங்கள் டொக்டர் போனபோது அவரைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதிப் போட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. இன்னும் பதில் இல்லை. இரண்டு வருடம் முடிய நாலு மாதம் இருக்கிறது.