சன்னபட்டணமா, கொண்டபள்ளியா?

இரண்டும் மரப்பொம்மைகள்தான், ஆனால் வேலை வேறு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அதன்மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தாழை ஓலையால் தேய்த்தால் அப்படி ஒரு பளபளப்பு! தூரிகையே வேண்டாம். மஞ்சளுக்கு மஞ்சள்தூள் போன்ற இயற்கை நிறங்களைச் சேர்த்தவையும் கிடைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு, கேட்டுப் பார்த்து அதைத்தான் வாங்குவேன்.

ஆந்திரத்தின் கொண்டபள்ளிக்காரர்கள் கடைவதில்லை, செதுக்குகிறார்கள். தெல்ல பொனிகி என்ற மிக லேசான மரம். கை, கால், தலை என்று தனித்தனியாகச் செய்து, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்து ஒட்டி, வண்ணம் தீட்டுவார்கள். அம்பாரி யானையும் தசாவதாரமும் கொலுப்படியில் எவ்வளவு அழகு! விளையாடக் கொடுத்தால் மட்டும் தாங்காது.

மரம் என்று பார்த்தால் பொனிகிக்குத்தான் தட்டுப்பாடு. வெட்டிய வேகத்துக்கு அது வளரவில்லை. அங்கே பொம்மை வாங்குவதைவிட அவசரமான வேலை, கன்று நடுவது.