தமிழ் நூல் வடிவமைப்புக்கு இன்டிசைன்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே இழுத்தடிக்கிறது

இன்டிசைன், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்கு முன்னோடியான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். தமிழ் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கூடங்கள் அதை நெடுங்காலம் விடாததற்குக் காரணம் ஆபரேட்டரின் கைப்பழக்கமும் பழைய ஃபாண்டுகளும்தான். பேஜ்மேக்கரில் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, கிடையாது. அச்சுக்கும் மின்னூலுக்கும் ஒரே கோப்பு வேண்டுமென்றால் மாறியே ஆகவேண்டும். இன்டிசைனின் முதல் பலன் அதுவே.

இன்டிசைனில் தமிழ் ஒழுங்காக அமைவது சிஎஸ்6 பதிப்பு முதல். அதிலும் உரையை ஒட்டியதும் கொம்பு இடம் மாறி நின்றால் கோளாறு ஃபாண்டில் இருக்காது, எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசரில் இருக்கும். எந்தக் கோப்பையும் திறக்காமல், ‘பேசிக் பாராகிராஃப்’ ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று வைத்துவிட்டால், புதிய கோப்புகளுக்கெல்லாம் அதுவே வரும். இந்தியாவில் விற்கும் மென்பொருளில் இதை இப்படி ஒளித்து வைத்திருப்பது பெருங்குறை.

பழைய கோப்புகளை யூனிகோடாக்கும்போதுதான் உண்மையான வேலை. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கும், அதாவது ‘ௌ’ என்ற ஒரே குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் தனித்தனியாக: கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘ெள’ என்பதை மொத்தமாக மாற்றவும் கூடாது. ‘வெளி’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். காலுக்குப் (ா) பதில் ‘ர’ அடித்த இடங்களும் இப்படித்தான். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதற்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள்.

வரி உடைப்பில் இன்டிசைன் ஏமாற்றுகிறது. ஹைஃபனேஷனை இயக்கினால் வரிக்கடைசியில் கோடு விழும். தமிழ் நூல்களில் கோடில்லாமல் உடைப்பதே வழக்கம். அணைத்தாலோ நீண்ட சொற்களால் வரிக்குள் பெரிய இடைவெளிகள். அணைத்துவிட்டு, இறுதி மெய்ப்பில் தேவையான இடத்தில் மட்டும் ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ (கோடில்லாமல் வரியை உடைக்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) போடுவது நல்லது. புள்ளி எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. மின்னூலுக்கான இபப் கோப்பு எடுக்குமுன் இந்தக் குறிகளை நீக்கிவிடுங்கள். சொல்லின் நடுவே இருந்தால் தேடல் தவறும்.

வேர்டிலிருந்து வரும் உரையின் கறுப்பு பெரும்பாலும் திரைக்கான ஆர்ஜிபி நிறம். அப்படியே அனுப்பினால் நான்கு வண்ண மைகளின் பிளேட்டிலும் எழுத்து விழுந்து, ரெஜிஸ்டர் (பிளேட்டுகளின் பொருத்தம்) சற்று விலகினாலும் மங்கலடிக்கும். ஸ்வாட்ச் என்ற நிறப் பட்டியலில் அதை அழித்து, ‘பிளாக்’ என்று மாற்றி, பிளேட் பிளேட்டாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவியூவில் சரிபார்த்த பிறகே பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு கவிதைத் தொகுப்பு மட்டும் போடுபவருக்கு இன்டிசைனுக்குக் கட்டும் சந்தா வீண். இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகவே காட்டுகிறது. அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த பாடநூல், ஆய்வு நூல் போடும் பதிப்பகம் தயங்காமல் வாங்கலாம்.