கிட்டார்காரங்களுக்கு மைக்ரோஃப்ரீக் செட் ஆகுமா?

பத்து வருஷமா கிட்டார்தான், சின்த் (எலக்ட்ரானிக்கா சவுண்டை உருவாக்குற கீபோர்டு) பக்கம் வந்து ஆறு மாசம் ஆச்சு, என்னை மாதிரி புதுசா வர்றவங்க ஆர்ட்டூரியா கம்பெனியோட மைக்ரோஃப்ரீக் சின்த்தை தாராளமா வாங்கலாம். 2019ல வந்த மாடல், 25 கீ, எல்லாமே டச், கீழ அமுங்காது. உள்ள ரிவர்ப், டிலே மாதிரி எதிரொலி எஃபெக்ட் கிடையாது, ஆனா நம்மகிட்டதான் பெடல் இருக்கே, அவுட்புட் மோனோ, கிட்டார் கேபிளையே எடுத்து டிலே பெடல்ல சொருகிடலாம், வால்யூமை மட்டும் கம்மியா வச்சு ஆரம்பிங்க, சிக்னல் கிட்டாரை விட பலமா வரும். எனக்கு உயிரே மேட்ரிக்ஸ்தான், எது எதை மாத்தணும்னு கோர்த்துவிடுற கட்டம் அது, அதுல பிரஸ்ஸை (விரல் அழுத்தம்) பிட்ச்சோட (ஸ்ருதி) கொஞ்சமா கோர்த்துவிட்டேன், கீ மேல விரலை அழுத்த அழுத்த நோட் ஏறுது, அப்படியே கம்பியை வளைக்கிற சுகம்! ஸ்பீக்கர் இல்ல, ஹெட்ஃபோன் வேணும். நாலு நோட் சேர்த்து வாசிக்கலாம், ஆனா சவுண்டோட டோனை செதுக்குற ஃபில்டர் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், பியானோ மாதிரி நிறைய நோட்டை ஒண்ணா அடுக்கி வாசிக்கணும்னா இது வேண்டாம்.