ஸ்லீப் ஸ்டடிக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

என் வீட்டுக்காரர் கோவையில் வாடகை கார் ஓட்டுகிறார். ராத்திரி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று மூச்சே நின்றுவிடும். அப்புறம் திணறிக்கொண்டு விழிப்பார். பகலில் சிக்னலில் நின்றாலே கண் சொக்குகிறது என்றதும் டாக்டர் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார். ஒரு தனியார் கிளினிக்கில் 14,000 ரூபாய் கட்டினோம். ரசீதில் 'லெவல் 1' என்றுதான் இருக்கிறது.

லெவல் 1 என்றால் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிய வேண்டும். கண்ணோரம், தாடை, கால் எல்லாவற்றிலும் ஒட்டுவார்கள். டெக்னீஷியன் விடிய விடிய கண்காணிக்க வேண்டும். இவருக்கு மாட்டியது மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். "தலைக்கு எதுவும் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "இதுலயே எல்லாம் வந்துரும்க்கா" என்று போனவர்தான். புது இடம், இவர் இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடந்தார். தூங்கிய பிறகு மூக்குக் குழாய் கழன்று கன்னத்தில் கிடந்தது. வெளியே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், ஆளே இல்லை. நானேதான் திரும்ப மாட்டிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 9, 'லேசான பாதிப்பு, எடையைக் குறைக்கவும்' என்று வந்தது. மூச்சு பத்து விநாடியாவது நிற்பதும் குறைவதும் தூங்கும் நேரத்தில் மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் அந்த எண். 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 தொட்டால் கடுமையானது. மூளை அலையைப் பதியாமல் அவர் எப்போது தூங்கினார் என்று எப்படித் தெரியும்? விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள், எண் இறங்கிவிட்டது. குழாய் கழன்று கிடந்தபோது நின்ற மூச்சும் கணக்கில் வரவில்லை.

வேறொரு மருத்துவமனையில் முழுப் பரிசோதனை செய்தோம். 34. 'லேசானது' என்ற பேச்சை நம்பி இவர் ராத்திரி சவாரிக்குப் போயிருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இப்போது சிபாப், அதாவது மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி, மாட்டித் தூங்குகிறார்.

குறைந்த ஒயர்களோடு செய்யும் லெவல் 3 பரிசோதனையும் சரியான பரிசோதனைதான், வீட்டிலேயே செய்யலாம், செலவும் குறைவு. அதைச் செய்துவிட்டு லெவல் 1-க்குப் பணம் வாங்கியதுதான் மோசடி. உங்கள் ரிப்போர்ட்டில் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று நிலை வாரியாகப் பிரித்த கணக்கோ வரைபடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்கு நடந்தது லெவல் 1 இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்கிறார்கள். ரசீதையும் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன்.